பதிவின் வகையும் பாட்டியல் மரபும்

தொகை, வகை, விரி என்னும் மூன்று நிலையில் வைத்துப் பொருளை ஆராய்தல் தமிழ் இலக்கண ஆசிரியர்க்குத் தொன்றுதொட்டு வந்த வழக்கம். எழுத்தென்று தொகுத்து, உயிரும் மெய்யுமென வகுத்து, முப்பதென விரித்த பின்னரே அவர்கள் அடுத்த விதிக்குச் சென்றனர். இன்று எமது மாணவர் தகவல் தொழினுட்பப் பாடத்திற் கற்கும் தொடர்புடைத் தரவுத்தளமும் இம்மூன்றையும் வேண்டி நிற்பதொன்றே. 1970 ஆம் ஆண்டில் ஐபிஎம் நிறுவனத்து ஆய்வாளராகிய எட்கார் கொட் என்பார் வெளியிட்ட ஒரு கட்டுரை, தரவுகள் அனைத்தையும் நிரையும் நிரலுமாகிய அட்டவணைகளில் அமைக்கலாம் என்றும், அட்டவணைகளிடையேயுள்ள உறவைச் சுட்டிகளாலன்றிப் பெறுமானங்களாலேயே காட்டலாம் என்றும் நிறுவியது. அன்று தொட்டு அட்டவணை அமைப்போர் அனைவர்க்கும் எதிர்ப்படும் வினா ஒன்றுண்டு. ஒரே அட்டவணையிற் பல்வகைப் பதிவுகள் விரவிக் கிடப்பின், ஒவ்வொன்றின் வகையையும் எங்ஙனம் குறிப்பது என்பதே அது.

இதனைச் சிறிய வினாவென்றே யானும் நெடுநாள் எண்ணியிருந்தேன். தமிழ் கற்பிக்கும் வெளிவாரிப் பட்டதாரி ஒருவனுக்கு இதில் என்ன அலுவல் என்று வாசிப்போர் கேட்பின், அவ்வினாவும் முறையானதே. அரியாலையில் எமது வீட்டுக்கு அணித்தாயுள்ள வாசிகசாலையொன்றின் புத்தகங்களைக் கணினியிற் பதியும் வேலைக்கு உதவ அழைக்கப்பட்டபோதுதான் இதன் ஆழம் எனக்குப் புலனாயிற்று.

தரவுத்தளத்தை எமக்கு அமைத்துத் தந்தவர் யாரென்பது இங்கு வேண்டுவதன்று. அவர் வகை என்னும் நிரலில் ஐந்து பெயர்களை மட்டும் எழுத இடந்தந்திருந்தார்: நூல், சஞ்சிகை, பத்திரிகை, அறிக்கை, பிற. இவ்வைந்தும் அட்டவணையின் அமைப்பினுள்ளேயே பொறிக்கப்பட்டிருந்தன. ஆறாவதொன்றை எழுத முயன்றால் கணினி மறுத்துவிடும். முதல் மூன்று மாதமும் இதனால் யாதொரு இடரும் நேரவில்லை. பின்னர், ஊரவர் தந்த பெட்டிகளை அவிழ்க்கத் தொடங்கினோம்.

அப்பெட்டிகளிற் பெரும்பாலானவை கல்வெட்டுகள். யாழ்ப்பாணத்து வாசகர்க்கு இச்சொல்லை விளக்க வேண்டியதில்லை. எனினும் வெளிநாட்டிற் பிறந்து வளரும் பழைய மாணவரின் மக்களும் இம்மலரைக் காண்பராதலின் ஒரு சொல் கூறுவேன். ஒருவர் இறந்து முப்பத்தோராம் நாட் கிரியையின்போது உற்றார்க்கு வழங்கப்படும் நினைவு நூலே இங்கே கல்வெட்டு எனப்படுவது. இறந்தாரின் வாழ்க்கை வரலாறு, வம்சாவளி, இரங்கற்பாக்கள், தேவார திருவாசகங்கள் என்பன அதில் இடம்பெறும். சில குடும்பத்தார் இவற்றோடமையாது, கிடைத்தற்கரிய பழைய நூலொன்றையும் அதனுள் மறுபதிப்பாக அச்சிட்டு வைப்பர். கற்பாறையிலும் கோயிற் சுவரிலும் பொறிக்கப்பட்ட சாசனத்துக்கும் தமிழில் அதுவே பெயர். ஒரு சொல் இரு பொருள். கணினி இதனை அறியாது.

ஐந்து பெயருள் எதுவும் பொருந்தாமையால் அத்துணைக் கல்வெட்டுகளையும் 'பிற' என்பதனுள் இட்டோம். சில கிழமை கழித்து முதியவர் ஒருவர் வந்து, அயலிலுள்ள கோயிலொன்றின் திருவூஞ்சற் பாடல்கள் அச்சில் உண்டென்றும், 1995 ஆம் ஆண்டு இடப்பெயர்வின்போது தம் வீட்டுப் பிரதி போய்விட்டதென்றும், கோயிற்பிரதியும் இல்லையென்றும், திருவிழாவுக்கு அது வேண்டுமென்றும் கேட்டார். தேடினோம்; நூல் என்னும் வகையில் ஊஞ்சல் எதுவும் இல்லை. "மாஸ்ரர், நான் கண்ணாலை கண்ட புத்தகம். எங்கை போச்சுது?" என்று அவர் நின்ற நிலை இன்றும் என் மனத்தை விட்டகலவில்லை. அடுத்த ஆண்டு, முற்றிலும் வேறொரு தேவைக்காகப் 'பிற' என்னும் குவியலைப் புரட்டிக்கொண்டிருந்தபோது, எவரோ ஓர் அம்மையாரின் கல்வெட்டின் பிற்பகுதியில் அந்த ஊஞ்சல் முழுமையாகக் கிடைத்தது. அவ்வாண்டுத் திருவிழா முடிந்து பல மாதமாகியிருந்தது. பாடல் எம்மிடமே இருந்தது. வகை என்னும் நிரல்தான் அதனை மறைத்தது.

வகையைக் குறிக்கும் முறைகள் பலவுள. ஒவ்வொன்றும் தமிழுக்கு, சிறப்பாக யாழ்ப்பாணத்து ஏடுகளுக்கு, எங்ஙனம் இயையும் என்று நோக்குதல் வேண்டும்.

எல்லாவற்றினும் எளிது வகைப்பெயரைச் சொல்லாகவே எழுதி விடுதல். பதிவோர் எதனையும் எழுதலாம், கணினி தடுக்காது. ஆங்கிலத்திலேயே இது தொல்லை. தமிழிலோ இருமடங்கு தொல்லை. 'நினைவு மலர்' என்று பிரித்தெழுதுவார் ஒருவர். 'நினைவுமலர்' என்று சேர்த்தெழுதுவார் மற்றொருவர். 'நினைவஞ்சலி' என்பார் மூன்றாமவர். எமது நூலகரோ 'கல்வெட்டு' என்றே எழுதுவார். மனிதனுக்கு இவை ஒன்று, கணினிக்கு நான்கு. இன்னும் நுண்ணியதோர் இடரும் உண்டு. 'தொகுப்பு' என்னும் சொல்லின் முதலெழுத்திலுள்ள உயிர்க்குறியை ஒருங்குறியில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பும் காலுமாக இரு குறியாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒப்புநோக்கும் பொறி, முன்னரே அவற்றை ஒருமைப்படுத்தாவிடின், வெவ்வேறென்றே கொள்ளும். 'தொகுப்பு' என்று தேடியவர்க்குத் 'தொகுப்பு' இல்லையென்று விடை வருவதைக் கண்டு, பேய்வேலையென்று சிரித்தவர்கள் எம்மிடையே இருந்தனர்.

இரண்டாவது, எமக்கு வாய்த்த முறை: வகைப்பெயர்களை அட்டவணையின் அமைப்பினுள்ளேயே எண்ணி வரையறுத்தல். இதனை எண்ணுவகை என்று யான் வழங்குவேன். மைஎஸ்கியூஎல் என்னும் தரவுத்தள மென்பொருள், இவ்வாறு எண்ணப்பட்ட பெயர்களை உள்ளே இலக்கங்களாகவே வைத்திருக்கும். அகரவரிசைப்படி ஒழுங்குசெய்யச் சொன்னாலும், வரையறுக்கும்போது எழுதிய ஒழுங்கிலேயே அடுக்கித் தரும். பட்டியலில் இல்லாத பெயரொன்றை எழுதினால், கண்டிப்பு நிலை இயங்காத இடத்து, வெற்றுச் சொல்லாக அதனை ஏற்றுக்கொள்ளும் இயல்பும் அதற்குண்டு. பதிந்தவர் பதிந்துவிட்டேன் என்று மகிழ்வர், வகையோ அழிந்திருக்கும். போஸ்ட்கிரஸ் என்னும் மற்றொரு மென்பொருளில் எண்ணுவகைப் பட்டியலுக்குப் புதுப்பெயரைச் சேர்க்கலாம். ஆயின் இருக்கும் பெயரொன்றை அதினின்றும் நீக்குதற்கு எளிய வழியில்லை. வகையையே மீளப் படைத்தல் வேண்டும்.

இம்முறையைக் காணுந்தோறும் எனக்கு நினைவில் வருவன பாட்டியல் நூல்களே. சிற்றிலக்கியம் தொண்ணூற்றாறு என்பது தமிழ்ப் பிள்ளைகள் மனனஞ் செய்யும் தொகை. பிரபந்த மரபியல் இத்தொகையைக் கூறும்; வீரமாமுனிவர் 1732 ஆம் ஆண்டிலமைத்த சதுரகராதியும் 96 வகைகளை அடுக்கிக் காட்டும். ஆனால் இத்தொகையைக் கூறும் நூல்களை ஒன்றோடொன்று ஒப்புநோக்குவார்க்கு ஒரு வியப்புக் காத்திருக்கும்: ஒரு நூலில் உள்ள வகை மற்றொன்றில் இல்லை, பெயர்கள் மாறும், தொகை மட்டும் மாறாது நிற்கும். புலவர் புதுவகை நூல்களைப் பாடிக்கொண்டேயிருந்தனர். இலக்கணம் எண்ணை இறுகப் பற்றிக்கொண்டது. எண் முந்திப் பொருள் பிந்தியமையால் வந்த இடர் இது. எமது தரவுத்தளத்து ஐந்தும் இத்தகையனவே. பாட்டியலாரைக் குறைகூறுவது என் கருத்தன்று. அவர்கள் புலவர்க்கு வழிகாட்ட எழுதினரேயன்றி நூலகத்துக்குப் பட்டியல் வகுக்க எழுதினரல்லர். அவர்கள் எண்ணிய முறையை நாம் பதிவேட்டுக்குக் கடன்வாங்குதல்தான் தவறு.

தொல்காப்பியர் வேறு நெறி கண்டார். செய்யுளியலில் அவர் கூறிய வனப்பு எட்டனுள் விருந்து என்பதும் ஒன்று. புதிதாகத் தோன்றும் யாப்புக்கு அவர் முன்கூட்டியே ஒதுக்கிய இருக்கை அது. 'பிற' என்பதற்கும் 'விருந்து' என்பதற்கும் உள்ள வேற்றுமையை உன்னுக. பிற என்பது எமக்கு வேண்டாதவற்றைத் தள்ளும் மூலை. விருந்து என்பது வந்தவரைத் திண்ணையிலிருத்திப் பெயர் கேட்கும் வாயில். ஓர் அட்டவணையில் 'பிற' என்னும் பெயர் தவிர்க்கவியலாததாயின், அதனுள் விழும் பதிவுகளை ஆண்டுக்கொருமுறையேனும் எண்ணிப் பார்த்து, ஓரினமானவை பெருகியிருப்பின் அவற்றுக்குத் தனிப்பெயர் தருதல் வேண்டும். இது செய்யாத நூலகத்தில் 'பிற' என்பதே மிகப் பெரிய வகையாகிவிடும்.

எழுத்துக் குறிகளால் வகையைக் காட்டுதல் மூன்றாவது முறை. இதற்குச் சிறந்த சான்று நூலகவியலார் மார்க் என்று வழங்கும் பதிவமைப்பு. அமெரிக்கப் பாராளுமன்ற நூலகத்தில் 1960களின் நடுப்பகுதியில் என்றியற்றா அவ்ராம் என்னும் அம்மையாரின் தலைமையில் உருவானது அது. அதன் ஒவ்வொரு பதிவின் தலைப்பகுதியிலும், சுழியத்திலிருந்து எண்ணி வரும் ஆறாம் இடத்தில் பதிவின் வகை ஓரெழுத்தாற் குறிக்கப்படும்: அச்சிட்ட எழுத்து நூலாயின் ஏ, இசைக்குறிப்பாயின் சி, நிலப்படமாயின் ஈ, கையெழுத்துப் பிரதியாயின் டி என்றவாறு. காந்தநாடாவில் ஓரிடமும் பொன்போலிருந்த காலத்து அமைப்பாதலின் இச்சுருக்கம் பொருத்தமே. தமிழில் இதனைப் பின்பற்ற முயன்றோர் படும்பாடு வேறு. நூலுக்கு ந என்று வைத்தால் நினைவு மலருக்கு எதனை வைப்பது? நி என்றும் நூ என்றும் வைப்போமாயின், பின்னர் நிலப்படம் வந்து நிற்கும். குறிகளைக் கட்டுப்படுத்தும் வரையறைச் சோதனையை அட்டவணையில் எழுதிவிட்டோம் என்று நம்பியிருந்தாரும் பலர். மைஎஸ்கியூஎல் அச்சோதனையை வாசித்தும் செயற்படுத்தாது விட்டுவந்தது. 2019 இல் வெளியான 8.0.16 ஆம் பதிப்பிலிருந்தே அதனை மதிக்கத் தொடங்கிற்று.

ஆயினும் மார்க் அமைப்பிலிருந்து நாம் கற்கவேண்டிய பெரும்பாடம் குறியெழுத்திலில்லை, அதற்கடுத்த இடத்திலுள்ளது. ஆறாமிடம் பொருளின் தன்மையைக் கூற, ஏழாமிடம் அது வெளிவரும் முறையைத் தனியே கூறும்: தனி வெளியீடாயின் எம், தொடர் வெளியீடாயின் எஸ். இரண்டு வினாவுக்கு இரண்டு இடம். எமது ஐந்து பெயர்ப் பட்டியலின் உண்மையான குற்றம் ஐந்தே என்பதன்று. இரண்டு மூன்று வினாவுக்குரிய விடைகளை ஒரே நிரலில் அடைத்துவிட்டமையே. நூல், சஞ்சிகை என்பன வெளிவரும் முறை பற்றியன. அறிக்கை என்பது நோக்கம் பற்றியது. ஆண்டறிக்கை ஒன்று மூன்றாண்டு தொடர்ந்து வந்தால் அது அறிக்கையா, சஞ்சிகையா? வாசகர் கையிலிருக்கும் இம்மலரையே எடுத்துக்கொள்வோம். ஆண்டுதோறும் வரவேண்டியதாதலின் இதழ். பல்லோர் கட்டுரை அடங்கியதாதலின் தொகுப்பு. பாடசாலை வெளியீடு என்பது அதன் தோற்றுவாய். கல்லூரி மலர்கள் ஆண்டு மலர் என்னும் பெயர் தாங்கியும் சில ஆண்டுகளில் வெளிவராதொழிதலும், பின் ஈராண்டுக்கு ஒன்றாக வருதலும் உண்டாதலின், 'ஆண்டிதழ்' என்ற ஒரு பெயரால் அதனை அடக்கிவிடவும் இயலாது.

சீர்காழியிற் பிறந்து, சென்னையிற் கணிதம் கற்பித்து, பின்னர் சென்னைப் பல்கலைக்கழக நூலகராய் விளங்கிய இரங்கநாதன் 1933 இல் வெளியிட்ட கோலன் பகுப்புமுறை இவ்வுண்மையை நூற்பொருள் பற்றிக் கூறியது. ஒரு பொருளைப் பல முகங்களாற் பகுத்து, முகங்களை முக்காற்புள்ளியால் இணைத்துக் காட்டுக என்றார் அவர். வகை என்பதற்கும் அதுவே பொருந்துமென்பது என் துணிபு.

நான்காம் முறைக்கு வருவோம். வகைகளுக்கென்று தனியே ஓர் அட்டவணை. அதன் ஒவ்வொரு நிரையும் ஒரு வகை. ஆவண அட்டவணையில் அவ்வகையின் இலக்கம் மட்டும் அந்நியச் சாவியாக நிற்கும். புதுவகை வேண்டின் நிரையொன்றைச் சேர்த்தலே அமையும். அமைப்பை உடைக்க வேண்டியதில்லை. பதிவுகள் சுட்டிக்கொண்டிருக்கும் வகையை அழிக்க முயன்றால் கணினி தடுக்கும். நியூசிலாந்திற் பிறந்து 2000 ஆம் ஆண்டுமுதல் உலகெங்கும் பரவியுள்ள கோகா என்னும் நூலக மென்பொருள் வகைகளை இங்ஙனம் தனியட்டவணையிலேயே வைத்திருக்கிறது. யாம் கண்ட பெரும்பயன் மற்றொன்று. இலக்கத்துக்குப் பொருளில்லையாதலின் பெயரை எப்பொழுதும் மாற்றலாம். ஏழாம் இலக்கத்துக்கு 'நினைவு மலர்' என்னும் பொதுப்பெயரும், 'கல்வெட்டு' என்னும் ஊர்வழக்கும், சிங்களப் பெயரும், ஆங்கிலப் பெயருமாக நான்கு பெயரைத் தனியொரு பெயரட்டவணையிற் கொடுத்தோம். சாசனமாகிய கல்வெட்டுக்கு வேறோர் இலக்கம். தேடுபவர் எச்சொல்லை எழுதினும், 'இவ்விரண்டில் எதனைத் தேடுகின்றீர்?' என்று கணினியே கேட்கும் நிலை வந்தது. பெயர் வேறு, பொருள் வேறு, இரண்டையும் இணைக்கும் சாவி வேறு என்று பிரித்தமையே இதற்குக் காரணம். என். செல்வராஜா அவர்கள் 2002 முதல் தொகுத்து வரும் நூல்தேட்டம் என்னும் நூல்விபரப் பட்டியலிலும் ஒவ்வொரு நூலுக்கும் ஒரு தொடரிலக்கம் இடப்பட்டுள்ளமை காண்க.

தனியட்டவணை என்றவுடன் சிலர் மிகுதிப்படச் சென்று, வகை, மொழி, ஊர், அச்சகம் அனைத்தையும் 'பொதுப்பட்டியல்' என்னும் ஒரே அட்டவணையிற் கொட்டிவிடுவர். அப்பொழுது ஒரு நூலின் மொழி 'சுன்னாகம்' என்று பதியப்படுவதைத் தடுப்பார் இலர். இதுபற்றி மேலும் கூறவேண்டியதில்லை.

இனி, வகை மாறும்போது பதிவின் உறுப்புகளும் மாறுமாயின் என் செய்வது? இதுவே வன்மையான வினா. சஞ்சிகைக்குச் சுழற்சி உண்டு: மாதாந்தம், காலாண்டு என்றவாறு, நூலுக்கு அஃதில்லை. கல்வெட்டுக்கு நினைவுகூரப்படுபவர் பெயர், அவர் பிறந்த ஊர், மறைந்த நாள் ஆகியன வேண்டும். நூலாசிரியர் என்னும் புலம் அங்கே வெறுமையாய்க் கிடக்கும். எல்லாவற்றையும் ஒரே அட்டவணையில் வைத்தால் ஒவ்வொரு நிரையிலும் பாதி வெற்றுப் பெறுமானம். முற்றிலும் வெவ்வேறு அட்டவணையாக்கினால், 'அரியாலையில் அச்சான அனைத்தும் தருக' என்னும் எளிய வினவலுக்கும் பல அட்டவணைகளைத் துழாவ வேண்டும்.

இணைய வாசகர் நன்கறிந்த நூலகம் என்னும் எண்ணிம நூலகத்தை இங்கே நினைவுகூர்தல் தகும். 2005 இல் தொடங்கி, ஈழத்துத் தமிழ் ஏடுகளை விக்கி முறையில் வைத்துக் காத்துவரும் அப்பணிக்கு நாம் அனைவரும் கடமைப்பட்டுள்ளோம். அதன் பகுப்புகளாக நூல்கள், இதழ்கள், பத்திரிகைகள், பிரசுரங்கள், நினைவு மலர்கள், சிறப்பு மலர்கள் என்பன காணப்படும். கல்வெட்டை மூலையிற் தள்ளாது நினைவு மலர் எனத் தனிப்பகுப்பாக்கியமை போற்றற்குரியது. பிறநாட்டுப் பட்டியல்களை அப்படியே பின்பற்றியிருப்பின் இது நேர்ந்திராது. இதழ்ப் பக்கங்களிற் சுழற்சி என்னும் உறுப்பையும், நூற்பக்கங்களில் நூல் வகை என்னும் உறுப்பையும் வெவ்வேறாக அமைத்தமையும் நன்றே. எனினும் ஒன்று கூறுவேன். முதல் நான்கும் வெளியீட்டு முறையாற் பெற்ற பெயர். பின்னிரண்டும் வெளியிட்ட காரணத்தாற் பெற்ற பெயர். பகுக்கும் அடிப்படை இடையில் மாறிவிட்டது. விக்கியில் ஒரு பக்கத்துக்குப் பல பகுப்பு இடலாமாதலின் அங்கே இதனால் இழப்பு மிகுதியில்லை. ஒரு நிரலில் ஒரு பெறுமானமே நிற்கும் தரவுத்தளத்துக்கு இப்பட்டியலை அப்படியே பெயர்ப்போமாயின் அதுவே குற்றமாகும்.

யாம் மேற்கொண்ட அமைப்பைச் சுருக்கமாகக் கூறுவேன். உயர்தர வகுப்பில் இப்பாடம் கற்கும் மாணவர்க்குப் பயன்படலாம். பொதுவானவற்றுக்கு ஆவணம் என்னும் தாயட்டவணை: இலக்கம், வகை, தலைப்பு, மொழி, ஆண்டு, ஊர். சிறப்பானவற்றுக்குச் சேயட்டவணைகள்: இதழ், நினைவு மலர் என இரண்டு. சேயட்டவணையின் முதன்மைச் சாவி தாயின் இலக்கமே. இவ்வளவோடு நின்றால் ஒரு வழு நேரும்: தாயில் 'நூல்' என்று பதிந்த ஆவணத்துக்குச் சேயில் 'நினைவு மலர்' நிரையொன்று முளைக்கலாம். ஆகவே வகையையும் சேயட்டவணையிற் திரும்ப எழுதி, அங்கே அது நினைவு மலரின் இலக்கமாகவே இருத்தல் வேண்டுமென வரையறுத்து, இலக்கமும் வகையும் ஆகிய இரண்டையும் சேர்த்தே தாயைச் சுட்டும் அந்நியச் சாவியாக்கினோம். தாயில் வகை மாறினால் சேய் உடன்படாது. சேயில் வேறு வகை எழுதவும் முடியாது.

எழுவாய்க்கும் பயனிலைக்கும் உள்ள திணை பால் இயைபை இது ஒக்கும். உயர்திணைப் பெயர் அஃறிணை முடிபு கொள்ளுதல் வழு. அவ்வழுவைக் காத்தற்கு இருபுறத்தும் திணை தெரிந்து நிற்றல் வேண்டும். இருதிணைக்கும் பொதுவாகிய விரவுப்பெயரோ வினைமுடிபைக் கொண்டே தன் திணையைக் காட்டும். தாயட்டவணை விரவுப்பெயர் போல்வது. சேயட்டவணை அதன் முடிபு. என் நண்பராகிய தகவல் தொழினுட்ப ஆசிரியர் இவ்வுவமையைக் கேட்டுச் சிரித்தார். ஆயினும் அடுத்த நாள் வகுப்பில் அதனையே பயன்படுத்தினார் என்று மாணவர் சொல்லக் கேட்டேன்.

இவ்வுவமையினின்றே யான் ஒரு வரம்பையும் பெற்றேன். திணையைப் போலப் பதிவின் உறுப்புகளையே மாற்றும் வகைகள் சில. அவற்றை அமைப்பினுள் வைக்க வேண்டும், எளிதில் மாறவும் விடலாகாது. உலா, தூது, அந்தாதி என்பன போலப் பெயரளவில் வேறுபட்டு உறுப்பளவில் ஒத்திருப்பன பல. அவை தனியட்டவணையில் நிரைகளாய் நின்று வேண்டியபோது பெருகட்டும். முன்னதைப் பின்னதாகக் கொண்டால் வழு நுழையும். பின்னதை முன்னதாகக் கொண்டால் தொண்ணூற்றாறென்னும் சிறைக்குள் அகப்படுவோம்.

இதற்கு மறுப்புக் கூறுவார் உளர். வகை சேர்த்தல் இத்துணை எளிதாயின், பதிவோர் ஒவ்வொருவரும் தத்தமக்குத் தோன்றியதைச் சேர்த்து, ஓராண்டில் நூறு வகை நிற்குமே என்பர். உண்மை, யாமும் அதனைக் கண்டோம். விடுமுறையில் உதவ வந்த மாணவனொருவன் 'பழைய புத்தகம்' என்றொரு வகையைச் சேர்த்திருந்தான். எண்ணுவகையின் இறுக்கம் இவ்வகையில் ஒரு காவலே என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். ஆனால் அக்காவலை வேறு வழியாற் பெறலாம். வகை அட்டவணையில் எழுதும் உரிமையை நூலகர்க்கும் இன்னொருவர்க்கும் மட்டும் அளித்தோம்; வழக்கொழிந்த வகையை அழிக்காது, ஒழிந்த நாளை எழுதும் நிரலொன்றையும் சேர்த்தோம். நன்னூலார் பழையன கழிதலையும் புதியன புகுதலையும் வழுவல என்று ஏற்றுக்கொண்டமையை மாணவர் அறிவர். கழிந்தது எந்நாள், புகுந்தது எந்நாள் என்று குறித்துவைத்தல் மட்டுமே யாம் செய்தது.

எஞ்சியது அந்த ஊஞ்சல். நினைவு மலரை நினைவு மலரென்று செவ்வனே பதிந்த பின்னரும் ஊஞ்சலைத் தேடுபவர் அதனைக் காணமாட்டார். ஒரு கல்வெட்டினுள் இரு படைப்புகள் இருக்கின்றன. ஏடு ஒன்று, படைப்பு இரண்டு. பன்னாட்டு நூலகச் சங்கக் கூட்டமைப்பு 1998 இல் வெளியிட்ட நெறிமுறையொன்று, படைப்பு, அதன் வெளிப்பாடு, வெளியீடு, தனிப்பிரதி என்னும் நான்கையும் பிரித்துக் காணுமாறு கூறுகின்றது. எமது சிறிய வாசிகசாலைக்கு நான்கும் வேண்டா; படைப்பு, ஏடு என்னும் இரண்டு போதும். படைப்புக்குத் தனியட்டவணையும் தனி வகையும் அமைத்து, எந்த ஏட்டில் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் படைப்பு உள்ளது என்பதை மூன்றாமட்டவணையாற் காட்டினோம். இப்பொழுது படைப்பின் வகை ஊஞ்சல். ஏட்டின் வகை நினைவு மலர். ஒன்றையொன்று மறைப்பதில்லை. கல்வெட்டுகளை ஒவ்வொன்றாய் மீளப் புரட்டிப் பின்பகுதியில் என்ன இருக்கின்றதென்று எழுதும் வேலை இரு மாரிகாலத்தைக் கொண்டுபோயிற்று. ஊஞ்சலன்றிப் பதிகங்களும், ஓர் உரைப்பகுதியும், வைத்தியக் குறிப்புகளும் கிடைத்தன. 1981 இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் 97,000 வரையான நூல்களை இழந்த ஊருக்கு, வீடுதோறும் பகிர்ந்தளிக்கப்பட்ட இம்மெல்லிய ஏடுகள் எத்தகைய காப்பு என்பதை அப்பொழுதே உணர்ந்தேன். ஒரே கூரையின்கீழ் இல்லாமையால் அவை எஞ்சின.

முதியவர்க்கு ஊஞ்சலின் படியொன்றை எடுத்துக்கொடுத்தோம். கண்ணாடியை மாற்றிப் போட்டு நின்றபடியே இரண்டு பாட்டை மெல்லப் பாடினார். மூன்றாவதில் அச்சுப்பிழை ஒன்றைக் காட்டித் தாம் மனனஞ் செய்திருந்த பாடத்தைச் சொன்னார். அதனை எங்கே பதிவது என்று எமக்குத் தெரியவில்லை. தற்போது குறிப்பு என்னும் புலத்தில் இருக்கின்றது.

நாடக மேடைக்குப் பெயர்பெற்ற எமது ஊரின் பழைய நாடக விளம்பரத் தாள்கள் ஓர் உறையளவு உண்டு. அவற்றைப் பிரசுரம் என்னும் வகையிற் சேர்த்து, காரணம் என்னும் நிரலில் நாடகம் என்றெழுதினால் அமையும் என்பது என் எண்ணம். நூலகரோ, நடிகர் பெயரும் மேடையும் கட்டண விபரமும் அவற்றில் உள்ளமையால் தனிச் சேயட்டவணை வேண்டுமென்று வாதிடுகின்றார். அவர் சொல்வது சரியாகவும் இருக்கலாம். அவ்வுறை இப்பொழுது அலுமாரியின் கீழ்த்தட்டில், ஆவண இலக்கமிட்டு, வகை எழுதப்படாமல் இருக்கின்றது. வரும் தவணை விடுமுறையில் தாள்களை ஒவ்வொன்றாய் விரித்துப் பார்க்க இருக்கின்றோம்.